புளியரை, இரவு முறை

வாத்து லாரியை நான் நிறுத்திய கோடையில்தான்
கன்னத்தில் முதல் சிவப்பு வந்தது,
மூக்கின் இருபுறமும், ஈரத்துணியால் துடைத்தும் போகாத குங்குமம் மாதிரி.
கிருமிநாசினி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மேற்பார்வையாளர்.
செங்கோட்டையில் அலர்ஜி.
தென்காசியில் சிக்குன்குனியா; காய்ச்சல் போனாலும்
மூட்டில் தங்குமாம், சில ஆட்களுக்கு.
திருநெல்வேலியில் ஒருவர் ஃபைலைப் பிரிக்காமலே
"வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்றார்,
என்னிடம் இல்லை, குத்தாலிங்கத்திடம்.
என் கணவர். லாரிப் பட்டறையில் வெல்டர்.
இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

நாலு வருடம்.
காலையில் விரல் மடங்காது. பத்து மணிக்கு மடங்கும்.
சீப்பில் முடி கொத்தாய் வரும்.
ஒருநாள் சிறுநீர் நுரைத்தது
சோப்புத்தூள் கரைத்த வாளிபோல.

குளத்துப்புழை வழி பஸ்ஸில் மலை ஏறி இறங்கினோம்.
திருவனந்தபுரத்தில் டாக்டர் ரெஜினா குருவிளா
உட்காரச் சொல்லும் முன்னே கேட்டார்:
"வெயில் கொண்டா கூடுமோ?"
அதுவரை யாரும் கேட்காத கேள்வி.
மலையாளத்திலேயே தலையாட்டினேன்.

லேபில் சஜிமோன் என்றொரு பையன்
"காணணோ சேச்சி?" என்று இருட்டறைக்குள் கூப்பிட்டான்.
கண்ணாடிச் சில்லில் யாருடையவோ செல்கள்.
அதன்மேல் என் ரத்தத்தின் தெளிநீர்.
ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சையாய் எரிந்தது,
காய் ஆப்பிளின் பச்சை.
"நல்லா இருக்கே" என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

லூபஸ் என்று எழுதினார் டாக்டர்.
உள்ளே காவல் நிற்கிறவை ஆள் தெரியாமல்
சொந்த வீட்டையே, என்று தொடங்கி
தமிழ் வார்த்தை தேடினார்.
தெரியும் டாக்டர், என்றேன்.
நான் செக்போஸ்டில்தான் இருக்கிறேன்.

அந்த வாத்துகளுக்கு நோய் இல்லை.
சான்றிதழில் முத்திரை ஒரு ஓரம் மங்கியிருந்தது, அவ்வளவுதான்.
பார்த்ததும் நான், கை நீட்டியதும் நான்.
முன்னாலும் விடாமல் பின்னாலும் விடாமல்
எஸ் வளைவுக்குக் கீழே ஒன்றரை நாள் நின்றது லாரி.
சித்திரை வெயில்.
முதலில் சத்தம் இருந்தது.
எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது,
பேச்சியம்மாள் என்று பிழையில்லாமல் தட்டச்சு செய்து.

சிறுநீரகத்தில் ஊசியிட்டு நூலளவு சதை எடுத்தார்கள்.
தன் ஆசிரியர்கள் காலத்தில் என்றால்
ஸ்டீராய்டை ஏற்றுவதும் இறக்குவதும்தான் வைத்தியம் என்றார் டாக்டர்.
எனக்கும் கொஞ்ச காலம் ஏற்றினார்கள்; முகம் பணியாரம்போல் உப்பியது.
பிறகு மலேரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்று,
அதற்கு வருடாவருடம் கண்ணைக் காட்டவேண்டும்.
சிறுநீரகத்துக்கு இருவேளை.
அப்புறம் அந்த ஊசி:
எல்லாக் காவலையும் அடித்துப் போடாமல்
பிழை செய்கிறவனுக்குப் போகிற சோற்றை மட்டும் குறைக்கிற ஊசி.
விலை என் நாலு மாதச் சம்பளம்.
காப்பீட்டுத் தாளில் இரண்டு மாநிலத்து முத்திரை.
ஒன்றும் மங்கியிருக்கவில்லை, பார்த்துக்கொண்டேன்.

எங்கோ சிலருக்கு அவரவர் அணுக்களையே வெளியே எடுத்து
பாடம் சொல்லித் திரும்ப அனுப்புகிறார்களாம்.
மாத்திரையையே நிறுத்தியவர்களும் உண்டாம்.
இங்கே எப்போது என்றேன்.
வரும் என்றார். வருடம் சொல்லவில்லை.
காய்ச்சல் வந்தால் அன்றே வா, காவல் குறைத்திருக்கிறோம்,
அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

வெயிலுக்காக இரவு முறை கேட்டு வாங்கினேன்.
இப்போது நுரை இல்லை. முடி குட்டையாய் முளைக்கிறது.
நேற்று இரண்டே முக்கால், சாரல்.
ஆரியங்காவுப் பக்கமிருந்து ஒரு வாத்து லாரி.
டார்ச் அடித்துப் படித்தேன்.
முத்திரையில் பாதி.
கால்நடை டாக்டரைத் தூக்கத்தில் எழுப்பினேன்.
திட்டிவிட்டு, எண்ணைச் சரிபார்த்து, விடு என்றார்.
டயர்களுக்கு மருந்தடித்தேன்,
முன் இரண்டு, பின் நாலு.

வண்டி நகரும்போது உள்ளே ஒன்று தும்மியது,
அல்லது தகரம் உரசியிருக்கலாம்.
கை தானாக எழப் பார்த்தது.
விரல்களை மடக்கினேன். மடங்கின.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
பின்விளக்கு வளைவில் மறையும்வரை நின்றேன்.